தப்புப் பெட்டியில் இரண்டு சீட்டு

வேதியியல் துறை ஸ்டோர் அறையில் நானூற்றுச் சொச்சம் பாட்டில்கள் இருக்கின்றன. எந்தப் பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஸ்டோர் அக்கா சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பும்போது ஒவ்வொரு பாட்டிலின் மேலும் ஒட்டியிருக்கும் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். திங்கள்கிழமை காலை திரவம் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் போச்சு. துறைத்தலைவர் முதற்கொண்டு ஒருவரும் நிம்மதியாக டீ குடிக்க முடியாது.

இருபத்தாறு வருடமாக இதே வேலை. விரிசல் விட்ட குடுவை, காணாமல் போன சோதனைக்குழாய், மாற்றி மூடிய மூடி என்று பார்த்துப் பார்த்து அவர் கண் அப்படிப் பழகிவிட்டது. பழகிய கண்ணை ஐந்து மணிக்குக் கழற்றி மேசை டிராயரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா என்ன? வீட்டிலும் அதே கண்தான். "சோப்பு டப்பாவை யாரு தொட்டது?" என்று கேட்பார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். ஆகவே தொட்டவர் யார் என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

தொட்டவர் அவருடைய கணவர், நகரப் பேருந்து டிரைவர். ரோட்டில் நூறு அடி தள்ளிப் பூனை குறுக்கே வந்தாலும் பிரேக்கில் கால் வைத்துவிடுகிற மனிதர். வீட்டுக்குள் வந்துவிட்டால் யானையே கூடத்தில் நின்றாலும் சுற்றிக்கொண்டு போய்ப் படுத்துக்கொள்வார். திரைச்சீலை பச்சையிலிருந்து நீலமாகி ஒரு வருடம் கழித்து, "இது எப்ப வாங்கினது?" என்றார். கேட்டால், "பஸ்ஸை ஷெட்ல விட்டா என் கண்ணுக்கும் டூட்டி முடிஞ்சுது" என்பார். இந்த மனிதருக்கு எதையாவது சுட்டிக் காட்டிக் காட்டியே அக்காவின் ஆயுளில் பாதி போய்விட்டது.

அந்த அக்கா சினிமாவுக்குள் போனது ஒரு பீக்கரால்.

கல்லூரியில் திரைப்பட மன்றம் என்று ஒன்று உண்டு. சினிமா பாடம் எடுக்கும் விரிவுரையாளர் தலைவர். ஆனால் எல்லாவற்றையும் நடத்துவது மாணவர்கள். வருடத்துக்கு ஒரு குறும்படம் எடுப்பார்கள். ஆறு வருடத்துக்கு முன் அவர்கள் படத்தில் ஒரு விஞ்ஞானி வந்தார். விஞ்ஞானிக்கு பீக்கர் வேண்டும். அக்கா இல்லாமல் கண்ணாடிச் சாமான் ஸ்டோரை விட்டு நகராது. எனவே பீக்கரோடு அக்காவும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். படம் திரையிட்டபோதும் போனார், பீக்கரைச் சரியாகக் காட்டுகிறார்களா என்று பார்க்க.

அந்த மன்றத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. படம் முடிந்து விளக்குப் போட்டதும் கைதட்டக் கூடாது, பாராட்டக் கூடாது. முதலில் ஒரு பழைய செருப்பு டப்பா, மூடியில் ஓட்டை போட்டது, வரிசை வரிசையாகப் போகும். அதன் பெயர் தப்புப் பெட்டி. பார்த்தவர்கள் தங்கள் கண்ணில் பட்ட தப்பைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். டைரக்டர் ஒவ்வொன்றாகப் படிப்பார். யார் செய்த தப்போ அவர் எழுந்து, "நான்தான்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் மொத்தக் கூட்டமும் கைதட்டும். சாக்குச் சொல்ல முடியாது. யாராவது "ஆனா" என்று ஆரம்பித்தால், "ஆனா கிடையாது!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்துவார்கள்.

அக்காவும் அன்று ஒரு சீட்டுப் போட்டார். "ஒரே காட்சியில் பீக்கரில் தண்ணீர் 150 மில்லி, பிறகு 90, பிறகு 210. நடுவில் யாரோ குடித்திருக்கிறார்கள். ஸ்டோர் பீக்கரில் எதையும் குடிக்கக் கூடாது. மூன்று நாள் முன்பு அதில் காப்பர் சல்பேட் இருந்தது." குடித்த விஞ்ஞானி எழுந்து "நான்தான்" என்று சொல்வதற்குள் முகம் வெளுத்துவிட்டது. கழுவித்தான் கொடுத்தேன் என்று அக்கா சொன்ன பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது.

அடுத்த படத்துக்கு மாணவர்களே தேடி வந்தார்கள். "அக்கா, நீங்க வந்து சும்மா பாத்துக்கிட்டு இருந்தா போதும்." ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சினிமாவில் ஓர் ஆளே உண்டாம், அந்த வேலைக்குக் கன்டினியூட்டி என்று பெயராம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து "நொய் நொய்ங்காதே" என்று எதற்காகத் திட்டு வாங்கினாரோ, அதைச் செய்யச் சொல்லி ஒரு கூட்டம் கூப்பிடுகிறது! அன்றே நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வாங்கினார். சட்டையில் எத்தனை பட்டன் திறந்திருந்தது, கதவு எத்தனை விரற்கடை திறந்திருந்தது, மெழுகுவத்தி எவ்வளவு உருகியிருந்தது, எல்லாம் அதில் ஏறியது. ஆறு வருடம், ஆறு படம். சனிக்கிழமை பிற்பகல்களில் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட எழுந்து "நான்தான்" சொன்னதில்லை. அதில் அவருக்குப் பெருமை. சின்னப் பெருமை இல்லை, பெரிய பெருமை.

இந்த வருடம் டிரைவருக்குச் சனிக்கிழமை வார விடுப்பு விழுந்தது. வந்தது வினை.

"நான் வீட்டுல இருக்கிற ஒரு நாளும் நீ இல்லைன்னா எப்படி? அங்க போய் என்னதான் பண்ற?" என்றார்.

"பாக்குறேன்."

"பாக்குறதெல்லாம் ஒரு வேலையா?"

அக்காவுக்கு வந்ததே கோபம்! "நீங்க பாக்காம இருக்கிறதையே இருபத்தாறு வருஷமா முழு நேர வேலையாப் பண்ணலையா?"

இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் அவரே இறங்கி வந்தார். "சரி. உங்க படம் போடுறப்ப நான் வந்து பாக்குறேன். உருப்படியான வேலைதான்னு தோணுச்சுன்னா அப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

"உங்க உத்தரவை யாரு கேட்டா?" என்று அக்கா சொன்னாலும், மனதுக்குள் அது பெரிய விஷயமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. கல்லூரியே சொல்லிவிட்டது, மாணவர்கள் சொல்லிவிட்டார்கள். இந்த ஒரு மனிதர் வாயால், இது வேலைதான் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இந்த வருடப் படம் அக்கா தங்கை கதை. ஒரே வீட்டில் இருக்கும் இருவர் சண்டை போட்டு மூன்று நாள் பேசாமல் இருக்கிறார்கள். கடைசியில் தங்கை ஒன்றும் சொல்லாமல் அக்காவின் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைக்கிறாள். தண்ணீர் ஊற்றும் கையோடு படம் முடிகிறது. டைரக்டர் மூன்றாம் ஆண்டு மாணவி, ஆள் ஒல்லி, குரல் மட்டும் ஒலிபெருக்கி. எல்லோரும் அவளை மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். தங்கையாக நடித்தவள் கல்லூரி கூடைப்பந்து அணியில் ஆடுகிறவள், அதனால் அவளுக்குப் பெயரே கூடைப்பந்து.

கடைசி ஷாட் எடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் அவள் பந்தை விரலில் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். வலது கையில் இரண்டு விரல் பூசணிக்காயாக வீங்கி, கட்டுப் போட்டிருந்தது. மைக் தலையில் கை வைத்துக்கொண்டாள். குறும்படப் போட்டிக்குப் படம் அனுப்ப மூன்று வாரம்தான் இருந்தது.

"கைதானே தெரியப் போகுது? வேற யாரு கையாவது போதும்" என்றார் விரிவுரையாளர்.

மன்றத்துப் பெண்கள் வரிசையாக நின்று கையை நீட்டினார்கள். ஒருத்திக்கு நகம் நீளம். ஒருத்திக்குக் கேமராவைக் கண்டதும் கை நடுங்கி மேசையெல்லாம் வெள்ளம். கடைசியில் மைக் திரும்பி அக்காவைப் பார்த்தாள். இருபத்தாறு வருடம் ஆசிட் ஊற்றிப் பழகிய கை. ஒரு சொட்டுச் சிந்தாது. வேலை நேரமெல்லாம் கையுறைக்குள்ளேயே இருந்ததால் சுருக்கமும் இல்லை. "அக்காவுக்கு வயசாகுது. கை மட்டும் இன்னும் காலேஜ் படிக்குது" என்றாள் கூடைப்பந்து.

அக்கா கூச்சப்பட்டார், மறுக்கவில்லை. நோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, தங்கையின் சட்டையைப் போட்டுக்கொண்டார். சட்டைக் கை மணிக்கட்டு வரை, பட்டன் போட்டிருக்கிறது, சரி. கைக்கடிகாரம் தங்கையுடையது, முள் சரியான மணியில்; சரி. மணிக்கட்டில் கறுப்பு ரப்பர் பேண்ட், சரி. கூஜாவின் பிடி சுவர்ப் பக்கம், சரி. டம்ளர் காலி, சரி. ஒரே டேக்கில் முக்கால் டம்ளர் ஊற்றி முடித்தார். சுற்றி நின்ற எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

கையைச் சுற்றி இருந்த அத்தனையையும் அக்கா பார்த்தார். கையைப் பார்க்கவில்லை. எப்போதும் கூடவே இருக்கிற கையை யார்தான் பார்க்கிறார்கள்? நோட்டு நாற்காலியில் மூடிக் கிடந்தது.

திரையிடும் நாள் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு. அன்று டிரைவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கிளம்பும்போது மணி பார்க்கச் சுவரை நிமிர்ந்து பார்த்து, அங்கே ஒன்றும் இல்லாததைப் பற்றி ஒன்றும் நினைக்காமல், போனில் பார்த்துக்கொண்டார். வெயில் பட்டுக் கண்ணாடி பளபளக்கிறதென்று கூடத்துக் கடிகாரத்தை வியாழக்கிழமையே எதிர்ச் சுவருக்கு மாற்றியிருந்தார் அக்கா. எப்போது கண்டுபிடிக்கிறார், பார்ப்போம் என்று சொல்லாமல் விட்டிருந்தார்.

கருத்தரங்கக் கூடத்தில் கறுப்புத் திரை இழுத்து, கிழிந்த இடத்தில் கிளிப் போட்டிருந்தார்கள். பதினோரு கிளிப். போன வருடம் ஒன்பதுதான். அக்கா கணவரை நடு வரிசையில் உட்கார வைத்து, காதோடு சொன்னார்: "ஆறு வருஷமா என் பேர்ல ஒரு தப்புகூடக் கிடையாது. பாத்துக்கங்க."

"சரி சரி, படம் போடட்டும்" என்றார் அவர்.

முழுப் படத்தையும் டைரக்டர் தவிர யாரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. அதுவும் மன்றத்து வழக்கம். படம் ஓடியது. தங்கை ஷூ லேஸ் கட்டும் காட்சியில் இரண்டு கைகளும் திரை நிறைய வந்தன. கதவு, சட்டை, சீப்பு எல்லாம் அதது இடத்தில். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைசி ஷாட் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் கை நீண்டது, கூஜாவைப் பிடித்தது, சாய்த்தது.

கட்டைவிரலுக்குக் கீழே ஒரு தழும்பு. வெளுத்து, பிறை மாதிரி வளைந்து, திரையில் ஒரு சாண் நீளம். வேலைக்குச் சேர்ந்த வருடம் ஆசிட் பாட்டில் மூடி தெறித்துப் பட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அது அங்கே இருப்பதே அக்காவுக்கு மறந்துபோயிருந்தது. ஷூ லேஸ் கட்டிய கையில் அது இல்லை.

விளக்கு எரிந்தது. பெட்டி முன்வரிசையிலிருந்து நகர ஆரம்பித்தது. அக்கா சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்துப் பெண் ஏதோ எழுதினாள், எட்டிப் பார்த்தார். நாய் குரைப்பதைப் பற்றி. பின்னால் ஒருவன் சிரித்துக்கொண்டே எழுதினான். கையைப் பற்றி யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. நாலு நொடி ஷாட். யாருக்குத் தெரியப் போகிறது? தெரிந்தால் அக்காவுக்குத்தானே தெரியும். இந்தக் கூட்டத்தில் அந்த மாதிரிக் கண் அவருக்குத்தானே இருக்கிறது. பேசாமல் வெற்றுச் சீட்டை மடித்துப் போட்டுவிடலாம். வீட்டுக்குப் போனால், "பரவாயில்லையே, உருப்படியான வேலைதான்" என்று அவர் சொல்வார். அடுத்த சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும் நிம்மதியாக வரலாம்.

"ஒரு பேனா குடு" என்றார் கணவர்.

"நீங்க என்ன எழுதப் போறீங்க?"

"எல்லாரும் எழுதுறாங்கல்ல?" என்று, பரீட்சையில் பக்கத்துப் பையனுக்கு மறைக்கிற மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். ஏ.சி. வேலை செய்யவில்லை என்று எழுதியிருப்பார், மானம் போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டார் அக்கா.

பெட்டி மடிக்கு வந்துவிட்டது. அக்கா அதன் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதே ஓட்டைக்குள் எத்தனை பிள்ளைகளின் தப்பைப் போட்டிருப்பார்! ஒவ்வொன்றும் எழுந்து நின்று "நான்தான்" என்று சொல்லிற்று. ஒருத்திக்கு அழுகைகூட வந்தது, அப்போதும் சொன்னாள். திங்கள்கிழமை பாட்டில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்க, பார்த்தும் பார்க்காத மாதிரி ஸ்டோரைப் பூட்டிக்கொண்டு போகிற ஆளா அவர்? பேனாவைப் பிடுங்கி, விறுவிறுவென்று எழுதி, மனசு மாறுவதற்குள் போட்டுவிட்டார்.

மைக் மேடையில் நின்று சீட்டுகளைப் பிரித்தாள். ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்படவில்லை.

"தெருவில் நாய் ரெண்டு தடவையும் ஒரே மாதிரி குரைக்குது."

ஒலி சேர்த்தவன் எழுந்தான். "நான்தான். ஒரு நாய்தான் கிடைச்சுது." கைதட்டல்.

"தங்கச்சி கோவமா இருக்கிற இடத்துல சிரிப்பை அடக்குறாங்க."

கூடைப்பந்து எழுந்தாள். "நான்தான். ஆனா அது..."

"ஆனா கிடையாது!"

மைக் அடுத்ததைப் பிரித்தாள். படிக்க ஆரம்பித்தவள், பாதியில் குரல் இறங்கி, மறுபடி முதலிலிருந்து படித்தாள். "கடைசியில் தண்ணி ஊத்துற கை அந்தப் பொண்ணோட கை இல்லை. அது என் சம்சாரத்தோட கை. கட்டை விரலுக்குக் கீழே தழும்பு இருக்கு, பாருங்க."

அத்தனை தலையும் நடு வரிசைக்குத் திரும்பியது. அக்கா தன் கணவரைப் பார்த்தார், முதல் முறை பார்ப்பது மாதிரி. நீலத் திரைச்சீலைக்கு ஒரு வருடம் எடுத்துக்கொண்ட மனிதர். சோப்பு டப்பா, யானை, எதுவும் கண்ணில் படாத மனிதர். நாலே நொடியில் கண்டுபிடித்திருக்கிறார்.

அக்கா எழுந்து நின்றார். "நான்தான்" என்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது, ஆனால் வாய் காது வரை சிரித்தது.

டிரைவருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. சீட்டு எழுதினால் யாரோ எழுந்து நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. கவனமாகப் பார்த்தவருக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். பதறி எழுந்தார். "இல்லம்மா, தப்புன்னு சொல்லல. நல்லாத்தான் ஊத்துறா, ஒரு சொட்டு சிந்தல. ஆனா..."

"ஆனா கிடையாது!" என்று கூடம் அதிர்ந்தது. மனிதர் சடாரென்று உட்கார்ந்துவிட்டார்.

கைதட்டல் ஓய்ந்ததும் மைக் இன்னொரு சீட்டைத் தூக்கிப் பிடித்தாள். "இதுவும் அதே தப்புதான். கையெழுத்துதான் வேற. இந்தக் கையெழுத்து நம்ம எல்லாருக்கும் தெரியும்." படித்தாள்: "கடைசி ஷாட். வலது கை. கட்டைவிரல் கீழே தழும்பு, 11 மில்லிமீட்டர். ஷூ லேஸ் காட்சியில் இல்லை. தவறு செய்தது: கன்டினியூட்டி." இந்த முறை தட்டிய தட்டில் ஒரு கிளிப் கழன்று திரை சரிந்து, வெயில் உள்ளே வந்துவிட்டது.

படத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. கடைசி ஷாட்டைத் திரும்ப எடுக்கலாம் என்றார் அக்கா. முடியாது என்றாள் மைக். அந்த மாதிரி ஊற்ற இன்னொரு கைக்கு எங்கே போவது? "தப்பு கடைசியில இல்ல, முன்னாடிதான் இருக்கு. ஷூ லேஸ் காட்சியைத் திரும்ப எடுப்போம். தங்கச்சி கையிலயும் இதே தழும்பை வரைஞ்சிடுவோம்." விரிவுரையாளர் தலையை ஆட்டினார். கூடைப்பந்தின் விரல்கட்டு அவிழ்த்தாகிவிட்டது. வரைவது யார் பொறுப்பு என்று யாரும் கேட்கக்கூட இல்லை. அளவு தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார்.

திரும்பி வரும்போது பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். அக்கா கேட்டார். "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? ஒரு மாசம் தினமும் அந்தக் கையில மருந்து போட்டவன் நான்தானே. அழுத்திப் போட்டா நீ கத்துவே. இம்மி இம்மியாப் போடணும்." அவர் பேருந்து வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "படமெல்லாம் எனக்கு அவ்வளவா புரியல. ஏன் மூணு நாள் பேசாம இருந்தாங்க? கை வந்ததும்தான், அட, நம்ம ஆளுன்னு நிமிர்ந்து உக்காந்தேன்."

அக்கா அந்தக் கையை அவர் கைக்குள் வைத்தார். ஏழெட்டு மாணவர்கள் நின்ற நிறுத்தத்தில். வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை தழும்பு வரைய ஸ்கேலும் பென்சிலும் வண்ணமும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார் அக்கா. நீல நோட்டைக் கணவரே கொண்டுவந்து கொடுத்தார். "கிளம்பு கிளம்பு. வேலைக்கு லேட்டாப் போனா நல்லாவா இருக்கு?" என்றபடி மணி பார்க்கச் சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

சுவரில் ஆணி மட்டும் இருந்தது. கடிகாரம் ஒன்பது நாளாக அவருடைய முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஆணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

அக்கா எதையும் சுட்டிக் காட்டாமல் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.